உணவு மேசையிலிருந்து செனட் சபைக்கு

வன்னியில் உள்ள ஒரு கிராமத்து மாதர் சங்கக் கூட்டத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம், 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் அந்த வட்டாரத்தில் நின்று தோற்றுப்போன அக்கா ஒருவருடன் பேசக் கிடைத்தது. 2025 மே மாதம் மீண்டும் தேர்தல் வந்தபோது கட்சிக்காரர் வீடு தேடி வந்து கேட்டும் அவர் மறுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு உது சரிவராது பிள்ளை. சனம் என்னை வேண்டாமெண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டுது. பிறகும் போய் நிக்கிறது வெக்கமெல்லோ? சட்டம் கிட்டம் படிச்ச ஆக்களுக்குத்தான் உதெல்லாம்" என்றார்.

2009இல் கணவரை இழந்து, தையல் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர் அவர். ஊருக்குக் குடிநீர்க் குழாய் வருவதற்குப் பிரதேச செயலகத்துக்கு எத்தனை தரம் நடந்தார் என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் தன்னைத் தோற்றுப்போனவர் என்று முடிவுகட்டி வைத்திருந்தது மனதை உறுத்தியது. அன்று பதில் எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் ஒரு பெண்ணைப் பற்றி வாசித்திருந்தேன். அவருடைய கதையை அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் சொன்னேன். அதையே இங்கு வாசகச் சகோதரிகளுக்கும் எழுதுகிறேன். அவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினச் சட்டத்தரணி. பெயர் பார்பரா ஜோர்டன். நாடு வேறு, துன்பமும் வேறு. ஆனால் அவரும் இரண்டு தரம் தோற்றவர்.

பிரிக்கப்பட்ட ஊரில் ஒரு சிறுமி

பார்பரா 1936 பெப்ரவரி 21ஆம் திகதி ஹூஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் ஜோர்டன் களஞ்சியசாலையில் எழுதுவினைஞராக வேலை செய்தவர். தேவாலயப் போதகராகவும் இருந்தார். தாய் ஆர்லின் வெள்ளையர் வீடுகளில் வீட்டுவேலை செய்தவர். மூன்று பெண் பிள்ளைகளில் பார்பரா கடைசி. பழைய இரும்பு, கந்தல் வாங்கி விற்று வாழ்ந்த தாய்வழிப் பாட்டனார் இந்தக் கடைசிப் பேத்தியில் அதிக பற்று வைத்திருந்தார்.

அந்நாளில் டெக்சாஸில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை, வெள்ளைப் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை. பேருந்தில் கறுப்பினத்தவர் பின்பக்கம்தான் இருக்கவேண்டும். இது வெறும் பழக்கவழக்கம் அல்ல, எழுதப்பட்ட சட்டம். சட்டமே ஒரு மக்களைத் தாழ்த்தி வைக்கும்போது, அதைத் தலைவிதி என்று எண்ணிப் பழகிவிடுவதும் உண்டு.

பார்பரா படித்த உயர்தரப் பாடசாலைக்கு ஒருநாள் எடித் சாம்ப்சன் என்ற கறுப்பினப் பெண் சட்டத்தரணி பேச வந்தார். 1950இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அமெரிக்காவின் பிரதிநிதிகளில் ஒருவராக நியமிக்கப்பட்டவர் அவர். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு தானும் ஒரு சட்டத்தரணியாக வேண்டும் என்று பார்பரா தீர்மானித்தார். அதற்கு முன் ஒரு பெண் சட்டத்தரணி எப்படி இருப்பார் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பாடசாலைகளுக்கும் தொழில் வழிகாட்டலுக்கு ஆட்கள் வருகிறார்கள். "அதனால் என்ன பயன்?" என்று நான் சில வேளை சலித்துக்கொள்வதுண்டு. ஆனால் பத்துப் பேர் காது கொடுக்காவிட்டாலும் பதினோராவது பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சமமில்லாத கல்வி

டெக்சாஸ் பல்கலைக்கழகம் அப்போது பட்டப்படிப்புக்குக் கறுப்பின மாணவரைச் சேர்ப்பதில்லை. ஆகவே 1952இல் பார்பரா ஹூஸ்டனில் இருந்த டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இது 1947இல் கறுப்பினத்தவருக்கென்று தனியாக அமைக்கப்பட்டது. வெள்ளையரின் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க இடம் கேட்டு ஒரு கறுப்பின இளைஞர் வழக்குத் தொடர்ந்ததே அதற்குக் காரணம். அவரை உள்ளே விடாமல் இருப்பதற்காக ஒரு பல்கலைக்கழகத்தையே கட்டிவிட்டார்கள்.

அங்கு விவாத அணியில் பார்பரா பெயர் பெற்றார். 1956இல் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்று, வடக்கே உள்ள பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சென்றார். செலவை அவருடைய குடும்பம்தான் சுமந்தது.

பொஸ்டனில் முதற்தடவையாக வெள்ளை மாணவருடன் ஒரே வகுப்பில் இருந்தபோது அவருக்கு ஓர் உண்மை புரிந்தது. இதுவரை தனக்குக் கிடைத்த கல்வி, பெயருக்குச் சமமானதாக இருந்தாலும் உண்மையில் சமமானது அல்ல. மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தெரிந்திருந்த பல விடயங்களை அவர் இரவிரவாக வாசித்துப் பிடிக்கவேண்டியிருந்தது. இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் முகாமிலும் படித்துவிட்டுப் பரீட்சை எழுதிய எங்கள் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 1959இல் பார்பரா சட்டப் பட்டம் பெற்றார். ஒரு வருடம் அலபாமா மாநிலத்தில் உள்ள டஸ்கிகி கல்வி நிலையத்தில் படிப்பித்துவிட்டு ஹூஸ்டனுக்குத் திரும்பினார்.

அலுவலகம் எடுக்கக் கையில் பணம் இல்லை. பெற்றோர் வீட்டின் உணவு மேசையிலேயே வழக்குக் கோப்புகளை விரித்து வைத்துச் சட்டத்தொழிலைத் தொடங்கினார். சமைத்த சட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு அதே மேசையில் துணி வெட்டும் எங்கள் பெண்களை நினைக்கும்போது, இந்த மேசை எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை.

இரண்டு தோல்விகள்

1960இல் கென்னடி சனாதிபதித் தேர்தலுக்கு நின்றபோது பார்பரா தொண்டராகச் சேர்ந்தார். வீதி வீதியாக ஆட்களை நியமித்துக் கறுப்பின வாக்காளரை வாக்களிக்க அழைத்துவரும் வேலையை ஒழுங்கு செய்தார். அந்த வேலையில்தான் அவருக்கு அரசியல் பிடித்துப்போயிற்று.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாகச் சட்டமன்றம் உண்டு. டெக்சாஸில் அதற்கு இரண்டு சபைகள்: 150 உறுப்பினர் கொண்ட பிரதிநிதிகள் சபை, 31 உறுப்பினர் கொண்ட செனட் சபை. 1962இல் பார்பரா பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டார். நியமனப் பத்திரத்துக்குக் கட்டவேண்டிய 500 டொலரைக் கடனாகத்தான் வாங்கினார். தோற்றார். 1964இல் மீண்டும் நின்றார். மீண்டும் தோற்றார்.

கதை இந்த இடத்துக்கு வந்தபோது கூட்டத்தில் அந்த அக்கா நிமிர்ந்து இருந்தார்.

பார்பராவைச் சனம் வேண்டாம் என்றுதான் சொல்லியதா? அவருடைய சொந்தப் பகுதி மக்கள் அவருக்கே பெரிதும் வாக்களித்திருந்தார்கள். ஆனால் தேர்தல் விதி அவர்களுடைய வாக்கைக் கரைத்துவிட்டது. ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹரிஸ் மாவட்டத்தில் அப்போது 12 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். சபைக்குப் போகும் ஒவ்வொரு உறுப்பினரும் அந்த முழு மாவட்டத்திலும் வாக்குப் பெற்று வெல்லவேண்டும். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள மாவட்டத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அது முடியாத காரியம்.

இதைவிட இன்னும் இரண்டு பூட்டுகள் இருந்தன. எந்த ஒரு மாவட்டத்துக்கும் ஒரு செனட்டருக்கு மேல் கிடையாது என்று டெக்சாஸின் பழைய அரசியலமைப்பு கூறியது. ஆகவே சனம் குறைந்த நாட்டுப்புறத் தொகுதிக்கும் ஒருவர், 12 இலட்சம் பேருக்கும் ஒருவர். மற்றது, வாக்களிப்பதற்கு முன்கூட்டியே வரி கட்டவேண்டும். அது சுமார் ஒன்றரை டொலர்தான். ஆனால் அன்றன்று உழைத்து உண்ணும் குடும்பம் அந்த ஒன்றரை டொலருக்குப் பாண் வாங்குமா, வாக்கு வாங்குமா?

பூட்டுகள் திறந்தபோது

1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. மாநிலச் சட்டமன்றங்களின் இரு சபைகளுக்கும் தொகுதிகள் மக்கள்தொகையின்படி சமமாக வகுக்கப்படவேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. ஒருவருடைய வாக்கின் பெறுமதி இன்னொருவருடைய வாக்கின் பெறுமதியைவிடக் குறையக்கூடாது என்பதே அதன் சாரம். அதன் வழியாக 1965இல் டெக்சாஸின் தொகுதி எல்லைகள் மீண்டும் வரையப்பட்டன. ஹரிஸ் மாவட்டத்துக்குப் பல செனட் ஆசனங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றான 11ஆம் தொகுதியில் பார்பராவின் பகுதியும், கறுப்பினத்தவரும் மெக்சிக்க வம்சாவளியினரும் வெள்ளைத் தொழிலாளரும் செறிந்து வாழ்ந்த இடங்களும் அடங்கின. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1966இன் தொடக்கத்தில் நீதிமன்றம் டெக்சாஸின் வாக்கு வரியையும் செல்லாது என்றது.

1966இல் பார்பரா மூன்றாவது முறையாக நின்றார். இம்முறை செனட் சபைக்கு. பெரும் வித்தியாசத்தில் வென்றார். 1883க்குப் பிறகு டெக்சாஸ் செனட்டுக்குப் போன முதல் கறுப்பினத்தவர் அவர். அந்தச் சபை கண்ட முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே.

1962இல் நின்ற பார்பராவும் 1966இல் நின்ற பார்பராவும் ஒரே ஆள்தான், சகோதரிகளே. அதே குரல், அதே படிப்பு, அதே உணவு மேசை. மாறியது கோடும் விதியும். ஆனால் ஒன்றையும் மறக்கக்கூடாது. இரண்டு தோல்வியுடன் அவர் வீட்டுக்குள் முடங்கியிருந்தால், கதவு திறந்த நேரத்தில் வாசலில் நிற்க ஆள் இருந்திருக்காது.

முப்பது ஆண்களுக்கு நடுவில்

31 பேர் கொண்ட செனட்டில் மற்ற 30 பேரும் ஆண்கள். 1967இல் பார்பரா அங்கு சென்றபோது அவரை விரும்பி வரவேற்றவர்கள் சிலரே. அவர் செய்த முதல் வேலை, சபையின் நடைமுறை விதிகளை வரிக்கு வரி படித்தது. எந்தச் சட்டமூலம் எந்தக் குழுவுக்குப் போகும், எங்கு தடுக்கலாம், எங்கு திருத்தலாம் என்பதையெல்லாம் கற்றுக்கொண்டார். தன்னை ஏளனமாகப் பார்த்தவர்களுடனும் மரியாதையாகப் பேசினார்.

அதன் பயனை ஓர் உதாரணத்தால் சொல்லலாம். வாக்காளர் பதிவைக் கடினமாக்கும் ஒரு சட்டமூலம் வந்தது. அது நிறைவேறினால் பாதிக்கப்படுவது ஏழைகளும் கறுப்பினத்தவரும் மெக்சிக்க வம்சாவளியினரும்தான். அந்தச் சபையின் அப்போதைய வழக்கப்படி ஒரு சட்டமூலத்தை விவாதத்துக்கு எடுப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் வேண்டியிருந்தது. அதாவது 31இல் 11 பேர் மறுத்தால் அது அங்கேயே நின்றுவிடும். பார்பரா மேடையில் முழங்கவில்லை. ஒவ்வொரு உறுப்பினராகத் தேடிப்போய்ப் பேசி, எதிர்ப்பதாக வாக்குறுதி பெற்றுத் தேவையான தொகையைச் சேர்த்துவிட்டார். சட்டமூலம் எழும்பவேயில்லை. சிறுபான்மையாக இருப்பவர் கணக்குத் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

தடுத்தது மட்டுமல்ல, செய்ததும் உண்டு. டெக்சாஸின் முதலாவது குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1969இல் நிறைவேறியதில் அவருடைய பங்கு பெரியது. மத்திய அரசின் சம்பளச் சட்டத்துக்குள் அடங்காமல் விடப்பட்ட ஏழைத் தொழிலாளரே அவருடைய எண்ணத்தில் இருந்தார்கள். தாய் செய்த வேலை எது என்பதை மகள் மறக்கவில்லை. வேலையில் காயமடைந்த தொழிலாளிக்குரிய நட்டஈட்டை உயர்த்துவதற்கும், மாநில அரசின் ஒப்பந்தங்களில் பாகுபாட்டுக்கு எதிரான நிபந்தனை சேர்ப்பதற்கும், வேலைவாய்ப்பில் நியாயத்தைக் கவனிக்கும் ஆணைக்குழு ஒன்றை அமைப்பதற்கும் உழைத்தார்.

1972 மார்ச்சில் அந்தச் செனட் சபையே அவரைத் தனது தற்காலிகத் தலைவராகத் தெரிவு செய்தது. ஆளுநரும் துணை ஆளுநரும் மாநிலத்துக்கு வெளியே போகும் நாளில் பதில் ஆளுநராக இருப்பவர் அவரே. அவ்வாறு 1972 ஜூன் 10ஆம் திகதி பார்பரா ஒருநாள் ஆளுநரானார். அந்த வைபவத்துக்கு வந்திருந்த தந்தை அங்கேயே நோயுற்று வீழ்ந்து மறுநாள் காலமானார். மகள் ஆளுநர் கதிரையில் இருந்ததைப் பார்த்துவிட்டே அவர் கண்மூடினார்.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள்

அவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியல்ல. வெள்ளை அரசியல்வாதிகளுடன் அளவுக்கு மீறி ஒத்துப்போகிறார் என்று அவருடைய மக்களிலேயே சிலர் குற்றம் சாட்டினார்கள். 1971இல் எல்லைகள் மீண்டும் மாற்றப்பட்டபோது, அவருடைய செனட் தொகுதி உடைக்கப்பட்டது. அதேவேளை ஹூஸ்டன் மையத்தில் அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கு ஒரு புதிய தொகுதி உருவாகியது. தனக்கு அந்தத் தொகுதி கிடைப்பதற்காகத் தன் மக்களின் செனட் ஆசனத்தை அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று, அவருடன் 1966இல் தெரிவான கறுப்பின உறுப்பினர் கர்ட்டிஸ் கிரேவ்ஸ் கூறினார். 1972இல் அவரை எதிர்த்தும் நின்றார். வாக்காளர் பார்பராவையே தெரிவு செய்தார்கள்.

ஆனாலும் அந்தக் கேள்வி சிறியதல்ல. சபைக்குள் போன ஒருவர் எவ்வளவு வளையலாம்? வளையாவிட்டால் சம்பளச் சட்டம் வந்திருக்குமா? எங்கள் சங்கத் தலைவிகள் கூட அலுவலர்களிடம் பணிந்து பேசியே வீட்டுத்திட்டத்தில் நாலு பெயரைச் சேர்க்கிறார்கள். ஊரில் அதற்கும் பேச்சு வாங்குகிறார்கள். வளைந்தது யாருக்காக, கையில் கொண்டுவந்தது என்ன என்பதை வைத்தே கணக்குப் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம்.

பாராளுமன்றத்தில்

1973 முதல் 1979 வரை பார்பரா அமெரிக்கப் பாராளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் இருந்தார். சனாதிபதி நிக்சன் மீதான குற்றச்சாட்டை விசாரித்த நீதிக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். 1974 ஜூலை 25ஆம் திகதி இரவு அந்தக் குழுவில் அவர் ஆற்றிய உரையை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. அரசியலமைப்பு முதலில் எழுதப்பட்டபோது 'மக்கள்' என்ற சொல்லுக்குள் தன்னைப் போன்றவர்கள் இருக்கவில்லை. திருத்தங்களாலும் தீர்ப்புகளாலும் பிறகுதான் உள்ளே வந்தோம். ஆகவே அந்தச் சட்டம் சிதைவதைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டேன் என்பது அந்த உரையின் கருத்து. சுமார் இரண்டு வாரத்தில் நிக்சன் பதவி விலகினார்.

1975இல் வாக்குரிமைச் சட்டம் நீடிக்கப்பட்டபோது, அதன் பாதுகாப்பு ஸ்பானிய மொழி பேசுவோர் போன்ற மொழிச் சிறுபான்மையினருக்கும் கிடைக்கவேண்டும் என்று முன்னின்று உழைத்தார். அவ்வாறு பல இடங்களில் வாக்குச்சீட்டும் தேர்தல் அறிவித்தலும் அந்த மக்களின் மொழியிலும் வரத் தொடங்கின. விளங்காத மொழியில் வந்த படிவத்தில் கையெழுத்து வைத்த அனுபவம் உள்ள எங்களுக்கு இதன் அருமை தெரியும்.

இவ்வளவுக்கும் 1973இலேயே அவருக்கு நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நோய் கண்டிருந்தது. பின்னாளில் சக்கர நாற்காலியே துணையானது. 1979இல் அரசியலை விட்டு, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இளமையில் அவருக்கு இடம் தராத அதே பல்கலைக்கழகம்தான். 1994இல் நாட்டின் உயர் குடிமக்கள் விருது கிடைத்தது. 1996 ஜனவரி 17ஆம் திகதி, 59ஆவது வயதில் காலமானார்.

எல்லை ஆர் கீறினது?

கதை முடிந்ததும் கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஓர் அம்மா, "வோட்டுப் போடவும் காசு கட்டினவையே!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அந்த அக்கா கேட்டார்: "அப்ப பிள்ளை, எங்கட வட்டாரத்துக்கு எல்லை ஆர் கீறினது? குளத்துக்கு அங்காலப் பக்கத்து ஐம்பது குடும்பமும் எங்கட சங்கம்தானே. அவை ஏன் மற்ற வட்டாரத்துக்குப் போச்சினம்?"

நான் எதிர்பார்க்காத கேள்வி அது. ஒருவர் தன் தோல்வியைத் தன் தலையில் மட்டும் போட்டுக்கொண்டிருக்கும்வரை இப்படியான கேள்வி பிறக்காது.

எங்கள் நாட்டில் உள்ளூராட்சி சபைகளில் 25 வீத ஆசனங்கள் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, 2018 தேர்தலில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. கதவு ஒரு பக்கம் திறந்திருக்கிறது. உள்ளே போவதற்குச் சட்டத்தரணியாக வேண்டியதில்லை. ஆனால் எங்களைப் பற்றிய விதிகளை நாங்களே வாசித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வட்டார எல்லைகள் வர்த்தமானியில் வெளியிடப்படுகின்றன. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. அதில் உங்கள் பெயரும் வயதுவந்த பிள்ளைகளின் பெயரும் உண்டா என்று கிராம அலுவலரிடம் போய்ப் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் இரண்டு பேராகப் போங்கள்.

அடுத்த தேர்தலில் நிற்பீர்களா என்று அக்காவிடம் நான் மீண்டும் கேட்கவில்லை. வர்த்தமானியையும் வட்டார வரைபடத்தையும் எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறேன். "வாற சனிக்கிழமை வா பிள்ளை. தையல் மேசையை ஒதுக்கி வைக்கிறன், விரிச்சுப் பாப்பம்" என்றார்.